பசிபிக் தீவை மூழ்கடிப்பது கடல் மட்டும்தானா? ஃபிஜியின் நாந்தி ஆறு காட்டும் வேறு கணக்கு!

'பசிபிக் தீவு', 'வெள்ளம்'... இந்த இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துச் சொன்னால் உங்கள் மனதில் என்ன படம் ஓடுகிறது? அநேகமாக, தென்னை மரங்களின் வேரைக் கடல் அரித்துக்கொண்டிருக்கும் ஒரு குட்டித் தீவு. இல்லையென்றால், 2021-ல் கோட், டை சகிதம் முழங்கால் அளவு கடல்நீரில் நின்றபடி உலகத் தலைவர்களிடம் வீடியோவில் பேசினாரே, துவாலு நாட்டு அமைச்சர் சைமன் கோஃபே... அந்தக் காட்சி. உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும்.

2025-ல் அதே துவாலு மறுபடியும் செய்தியானது. ஆண்டுக்கு 280 துவாலு மக்களைக் குடியேற அனுமதிப்பதாக ஆஸ்திரேலியா ஒப்பந்தம் போட்டிருந்தது. அதற்கான முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தினரையும் சேர்த்து 8,000-க்கும் அதிகமானோர் பெயர் கொடுத்தார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 11,000-தான். ஒரு நாடே பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்றால், யாருக்குத்தான் மனசு கனக்காது?

அந்தச் செய்தியில் மிகை எதுவும் இல்லை. ஆனால், துவாலுவில் ஆறே கிடையாது என்பதை நாம் யோசிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்தில் இருக்கும் பவளத் தீவுகள் அவை. பசிபிக்கில் இன்னொரு வகைத் தீவுகளும் உண்டு. பல எரிமலையால் உருவானவை, நடுவில் செங்குத்தான மலை, மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஆறு கடலில் சேரும் இடத்தில் ஊர். பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, ஃபிஜி, சமோவா எல்லாம் இந்த ரகம். பசிபிக் தீவு மக்களில் மிகப் பெரும்பாலோர் வசிப்பதும் இங்கேதான். இந்த ஊர்களில் உயிரை எடுக்கும் தண்ணீர் பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்து, அதாவது மலையிலிருந்து வருகிறது. நாம் எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதைப் புரிந்துகொள்ள ஃபிஜியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நமக்குக் கொஞ்சம் சொந்தமும்கூட.

ஒரு முனையில் முருகன், மறுமுனையில் ஆறு

ஹனிமூன் பேக்கேஜ் தேடியவர்களுக்கு 'நாடி' என்ற பெயர் தெரிந்திருக்கும். எழுத்தில்தான் அப்படி, ஊர்க்காரர்கள் சொல்வது 'நாந்தி'. ஃபிஜியின் பெரிய தீவான விட்டி லெவுவின் மேற்குக் கரையில் இருக்கிறது. சர்வதேச விமான நிலையம் இங்கேதான். ஊருக்கு ஒரே ஒரு பிரதான வீதி. அந்த வீதியின் தெற்கு முனையில் ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன சிற்பிகள் வேலை செய்து, 1994-ல் குடமுழுக்கு கண்ட கோயில். வடக்கு முனையில் நாந்தி ஆற்றுப் பாலம். கோயிலுக்கும் பாலத்துக்கும் நடுவே கடைகள், சந்தை, பஸ் ஸ்டாண்டு என்று ஒரு ஊரின் மொத்தப் பிழைப்பும் அடங்கிவிடுகிறது.

பாரதி கண்ணீர் விட்டுப் பாடிய கரும்புத் தோட்டங்கள் இந்தத் தீவில்தான் இருந்தன. 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக சுமார் 60,000 இந்தியர்கள் ஃபிஜிக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். 'அக்ரிமென்ட்' என்ற வார்த்தை அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகவும் கப்பல்கள் போயின. மொத்தம் போனவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தென்னிந்தியர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் 1926-ல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் பள்ளிகளில் இன்றும் படிக்கிறார்கள். வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஃபிஜி இந்தி. ஆனாலும் தீமிதி மட்டும் விடவில்லை.

சரி, ஆற்றுக்கு வருவோம். நாந்தி ஆறு பெரிய ஆறெல்லாம் இல்லை. நீர் சேரும் பரப்பு சுமார் 500 சதுர கிலோமீட்டர்தான். ஆனால், நௌசோரி மேட்டுநிலத்திலிருந்து சரிவாக இறங்கி, கொஞ்ச தூரத்திலேயே சமதளத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே வளைந்து வளைந்து, ஊரை உரசிக்கொண்டு கடலுக்குப் போகிறது. மலையில் கொட்டிய மழை ஊருக்குள் வர சில மணி நேரம் போதும். அந்த நேரம் பார்த்துக் கடலில் ஓதம் ஏறியிருந்தால், ஆற்றுநீர் வெளியேற வழியில்லாமல் ஊருக்குள்ளேயே நிற்கும். கடலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு; அது வாசலை அடைத்து நிற்கிற பங்கு.

2009 ஜனவரியில் இப்படித்தான் நடந்தது. மேற்கு ஃபிஜி முழுக்க வெள்ளம். 11 பேர் இறந்தார்கள். நாந்தி வீதியில் கடைகளுக்குள் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர். கழுவித் துடைத்து, கடன் வாங்கி, மறுபடி சரக்கு நிரப்பினார்கள். 2012 ஜனவரிக் கடைசியில் மீண்டும் வெள்ளம். அந்தச் சேறு காய்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள், மார்ச் கடைசியில் இன்னொன்று. 10,000-க்கும் மேற்பட்டோர் பள்ளிக்கூடங்களிலும் சமூகக் கூடங்களிலும் தங்கவைக்கப்பட்டார்கள். அதே டிசம்பரில் ஈவன் புயல். ஒரே ஆண்டில் மூன்று அடி!

அப்போதைய வெளிநாட்டுச் செய்திகளைத் தேடிப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சுற்றுலாப் பயணிகள் ரிசார்ட்டுகளில் சிக்கிக்கொண்டதுதான் பல தலைப்புச் செய்திகளில் முன்னால் நிற்கிறது. அந்த ரிசார்ட்டுகள் நிறைய இருக்கும் இடம் டெனராவ். நாந்தி ஆற்றின் முகத்துவாரப் பக்கம், 1970-களிலிருந்து அலையாத்திக் காட்டையும் சதுப்பையும் மேடாக்கிக் கட்டிய தீவு அது. ஒரு காலத்தில் வெள்ளம் பரவி அடங்கிய சதுப்பில்தான் பயணிகள் சிக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குத் தன் பழைய முகவரி மறக்கவில்லைபோல.

தண்ணீர் வடிந்த பிறகு...

2012-ன் இரண்டு வெள்ளங்களிலும் சேர்த்து நேரடியாக இறந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. ஒப்பீட்டளவில் சின்ன எண்ணிக்கை என்று நினைக்கத் தோன்றும். உலக ஊடகங்களும் அதோடு கேமராவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டன.

அடுத்த வாரங்களில் மேற்கு ஃபிஜியின் மருத்துவமனைகளுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காய்ச்சல், தலைவலி, நடக்க முடியாத அளவுக்குக் கெண்டைக்கால் வலி, சிவந்த கண்கள். பார்த்தால் டெங்கு மாதிரி இருக்கும். ஆனால் அது லெப்டோஸ்பைரோசிஸ், நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதுதான். எலி, பன்றி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் இருக்கும் பாக்டீரியா வெள்ளநீரில் கலந்து, காலில் இருக்கும் சின்ன வெட்டுக்காயம் வழியாகக்கூட உடம்புக்குள் போய்விடும். ஒன்றிரண்டு வாரம் சத்தமே இருக்காது. பிறகு சிலருக்குச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் நுரையீரலையும் தாக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கே கேட்கும். தாமதமானால் கஷ்டம்.

அந்த ஆண்டு ஃபிஜியில் பதிவான எலிக்காய்ச்சல் நோயாளிகள் 576 பேர். இறந்தவர்கள் 40 பேர்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கி இறந்தவர்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல், வெள்ளம் வடிந்த பிறகு இறந்திருக்கிறார்கள். வீட்டைக் கழுவியவர்கள், தோட்டத்தில் சேறு அள்ளியவர்கள், செத்த மாட்டை இழுத்துப் போட்டவர்கள். 'வெள்ளத்தில் பலியானவர்கள்' என்ற பட்டியலில் இவர்கள் பெயர் வருவதில்லை.

இதற்குப் பிறகு ஃபிஜி முழுக்க ரத்த மாதிரி எடுத்து ஆராய்ந்தார்கள். யாருக்கு இந்தத் தொற்று அதிகம் என்று பார்த்ததில் கிடைத்த காரணிகளில் சில: பெரிய ஆற்றிலிருந்து 100 மீட்டருக்குள் வீடு இருப்பது, வறுமை அதிகமுள்ள பகுதியில் வசிப்பது, ஊருக்குள் பன்றி வளர்ப்பது, வெளியில் வேலை செய்வது. பூர்வகுடி ஃபிஜியர்களான இதௌகெய் மக்களுக்குப் பாதிப்பு கூடுதல். கொஞ்சம் யோசித்தால், இது வெறும் மருத்துவப் பட்டியல் இல்லை என்பது புரியும். ஆற்றிலிருந்து எத்தனை மீட்டரில் உங்கள் வீடு இருக்கிறது என்பதை நீங்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. உங்கள் பணமும், நிலத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் உரிமையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

"அதான் வருஷா வருஷம் வெள்ளம் வருதே, ஏன் அங்கேயே இருக்காங்க?"

நியாயமான கேள்வி. பதில், நிலத்தில் இருக்கிறது.

முதலில் பழைய கதை. ஃபிஜியில் பல ஊர்கள் ஒரு காலத்தில் குன்றுகளின் மேல் இருந்தவை. போர்க்காலத்தில் அதுதான் பாதுகாப்பு. வீடு கட்டும்போதும் முதலில் மண்ணையும் கல்லையும் குவித்து மேடு போடுவார்கள். அந்த மேட்டுக்குப் பெயர் 'யவு'. தலைவர் வீட்டு யவுதான் உயரம். மேட்டின் உயரத்தைப் பார்த்தே குடும்பத்தின் அந்தஸ்தைச் சொல்லிவிடலாம். 19-ம் நூற்றாண்டில் மிஷனரிகளும் காலனி ஆட்சியும் வந்த பிறகு, பல ஊர்கள் கீழே, கரையோரம் இறங்கின. தேவாலயத்துக்கு வசதி, வரி வசூலுக்கு வசதி, படகுக்கும் வசதி. அன்றைக்கு யாரும் மழையைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

அடுத்து கரும்பு வந்தது. கரும்புக்கு வண்டல் சமவெளி வேண்டும். ஆலைக்கு ஆறு வேண்டும். ஆகவே ஆஸ்திரேலியாவின் காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி, ஆறுகள் சமவெளியில் இறங்கும் இடங்களாகப் பார்த்து ஆலைகளை நட்டது. நாந்திக்கு வடக்கே 'பா' ஆற்றங்கரையில் 1886-ல் வந்த ராராவாய் ஆலை ஓர் உதாரணம். கூலிகளின் குடியிருப்பும் ஆலையைச் சுற்றித்தானே இருக்கும்? 1931 பிப்ரவரியில் ஒரு பெரும்புயல் அடித்தபோது பா ஆறு பெருக்கெடுத்து வந்தது. அந்தப் புயலிலும் வெள்ளத்திலும் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016-ல் நாட்டையே புரட்டிப்போட்ட வின்ஸ்டன் புயலில் இறந்தவர்கள் 44 பேர். ஃபிஜியின் வரலாற்றில் மிகக் கொடிய இயற்கைச் சீற்றமாக இன்றும் சொல்லப்படுவது அந்த 1931-தான். 'பருவநிலை மாற்றம்' என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்காத காலம் அது.

இதைச் சொல்வதால் பருவநிலை மாற்றத்துக்கு இதில் பங்கில்லை என்று அர்த்தமாகாது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், அது தாங்கக்கூடிய ஈரப்பதம் சுமார் 7 சதவிகிதம் கூடும். கொட்டும்போது அவ்வளவும் சேர்த்துக் கொட்டும். லா நினா ஆண்டுகளில் தென் பசிபிக்கின் பெரிய மழைப்பட்டை ஃபிஜியின் பக்கம் நகர்ந்து வரும். 2009, 2012 வெள்ளங்கள் அப்படிப்பட்ட பருவங்களில் வந்தவை. மழையைப் பெரிதாக்குகிறவர்களின் புகைபோக்கிகள் ஃபிஜியில் இல்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், மழை விழுந்த பிறகு அது யார் வீட்டுக்குள் போகிறது என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கின் நடுவில் இருப்பது குத்தகை. ஃபிஜியின் நிலத்தில் ஏறக்குறைய 87 சதவிகிதம் இதௌகெய் குலங்களுக்குச் சொந்தம். அதை விற்கவோ வாங்கவோ முடியாது. பிரிட்டிஷ் கவர்னர் ஆர்தர் கார்டன் காலத்தில் போட்ட அடித்தளம் அது. நல்ல விஷயம்தான் என்று தோன்றுகிறது. ஹவாயிலும் நியூசிலாந்திலும் பூர்வகுடிகள் நிலத்தை இழந்ததைப்போல ஃபிஜியில் நடக்காமல் காத்தது அந்த ஏற்பாடுதான். ஆனால், ஐந்து தலைமுறையாகக் கரும்பு வெட்டிய இந்திய வம்சாவளி விவசாயிக்கு அந்த மண்ணில் கிடைத்தது குத்தகை மட்டும்தான். 1976-ம் ஆண்டின் சட்டப்படி 30 ஆண்டுக் குத்தகை. 1997 முதல் குத்தகைகள் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கின. ஏற்கெனவே 1987-ல் ராணுவப் புரட்சி நடந்திருந்தது. 2000-ல் இன்னொரு கவிழ்ப்பு. அந்த அரசியல் சூட்டில் பல குத்தகைகள் புதுப்பிக்கப்படவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள், தாத்தா கட்டிய வீட்டின் தகரத்தைக் கழற்றிக்கொண்டு கிளம்பின.

எங்கே போவார்கள்? வசதி இருந்தவர்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா. இல்லாதவர்கள் நாந்தி, லௌடோகா, பா, சுவா நகரங்களின் ஓரம். நகரத்துக்குப் பக்கத்தில் யாரும் கேட்காமல் கிடக்கும் நிலம் எது? ஆற்றங்கரை, சதுப்பு, பள்ளம். ஃபிஜியில் இன்று இப்படிப்பட்ட முறைசாராக் குடியிருப்புகள் 200-க்கும் மேல். இந்திய வம்சாவளியினர் மட்டும் இல்லை, வெளித் தீவுகளிலிருந்து வேலை தேடி வந்த இதௌகெய் குடும்பங்களும் அங்கேதான். அரசியல் மேடையில் எதிரெதிராக நிறுத்தப்படும் இரண்டு சமூகங்களின் ஏழைகளும் ஆற்றங்கரையில் அடுத்தடுத்த வீடு!

வெட்டிவேர் போன கதை

குத்தகைக்கும் வெள்ளத்துக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் சொல் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது.

மேற்கு ஃபிஜி மழை மறைவுப் பகுதி. ஆண்டில் பாதி நாள் காய்ந்து கிடக்கும். அந்தப் புல்வெளிச் சரிவுகளுக்கு 'தலசிங்கா' என்று பெயர். 'வெயிலில் எரிந்த நிலம்' என்று பொருள். கோடையில் தீ வைப்பதும் உண்டு. மொட்டையாக நிற்கும் சரிவில் நவம்பர் மழை விழுந்தால் மேல்மண் நேராக ஆற்றுக்குள். ஆற்றின் படுகை மேடாகும். படுகை மேடானால், அதே அளவு மழைக்கு முன்பைவிட அதிகத் தண்ணீர் கரை தாண்டும்.

இதற்கு 1950-களிலேயே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்கள். ஃபிஜியின் கரும்பு நிலங்களில் மண் பாதுகாப்பு வேலை பார்த்த ஜான் கிரீன்ஃபீல்ட் என்பவர், சரிவுகளில் சம உயரக் கோட்டின்மீது வெட்டிவேர்ப் புல்லை நெருக்கமாக வேலிபோல நடச் செய்தார். ஆமாம், நம்ம வெட்டிவேர்தான்! ஆங்கிலத்துக்கு அந்தப் பெயர் போனதே தமிழிலிருந்துதான். மூன்று மீட்டர் ஆழம் வரை நேராக இறங்கும் அதன் வேர், மண்ணைப் பிடித்து நிறுத்தும். மேலே இருக்கும் தூர், ஓடிவரும் நீரை வடிகட்டி, வண்டலைத் தன் பின்னாலேயே தேக்கிவைக்கும். சில ஆண்டுகளில் சரிவு தானாகவே படிக்கட்டு வயலாகிவிடும். 1980-களில் உலக வங்கி இந்த முறையை இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றபோது, காட்டிய உதாரணம் ஃபிஜி.

அந்த வேலி பராமரிப்பு கேட்கும். ஆண்டுதோறும் வெட்டிவிட வேண்டும், விட்டுப்போன இடத்தில் மறுபடி நட வேண்டும். அதன் பலன் பத்து, இருபது ஆண்டுகளில் தெரியும். 1973-ல் ஆஸ்திரேலியக் கம்பெனி கிளம்பிப் போனது. அதன் பிறகு குத்தகை முடிய ஐந்து வருடமே பாக்கி இருக்கும் ஒரு விவசாயியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். இருபது ஆண்டு கழித்து மண் காக்கப்படும் என்று புல் நடுவீர்களா, இந்த வருடமே இன்னும் நாலு வரிசை கரும்பு நடுவீர்களா? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலத்தின் எதிர்காலத்தில் பங்கு இல்லாதவரிடம் நிலத்தின் எதிர்காலத்தைக் காக்கச் சொல்வது வேடிக்கையான எதிர்பார்ப்பு. அந்த மண் இன்று ஆற்றின் அடியில் கிடக்கிறது. அரசு பணம் செலவழித்துத் தூர்வாருகிறது; அடுத்த மழையில் மறுபடி நிரம்புகிறது.

இது ஃபிஜிக்கு மட்டுமே ஆன சாபமா என்றால், இல்லை. இரண்டாயிரம் கிலோமீட்டர் வடமேற்கில் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் அமைத்த ராணுவத் தளத்தைச் சுற்றி, போருக்குப் பிறகு எழுந்த நகரம் அது. வெளித் தீவுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஊருக்குள் இடமில்லை. மதனிகோ ஆற்றின் பள்ளத்தாக்கில், 'கோவா ஹில்' போன்ற குடியிருப்புகளில் மரமும் ஓலையும் வைத்து வீடு கட்டிக்கொண்டார்கள். 2014 ஏப்ரல் 3 அன்று, பல நாள் மழைக்குப் பிறகு மதனிகோ உடைத்துக்கொண்டு வந்தது. வீடுகள் அப்படியே மிதந்து பாலத்தில் போய் மோதின. 22 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். சுமார் 10,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள். அந்த மழையைக் கொட்டிய காற்றழுத்தத் தாழ்வு, பின்னர் 'இட்டா' என்ற பெயரில் புயலாகி ஆஸ்திரேலியாவைத் தாக்கியது. புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே ஹோனியாராவில் சாவு முடிந்திருந்தது.

இடம் மாற யாருக்கு முடியும்?

ஆபத்தான ஊர்களை இடம் மாற்றுவதில் உலகுக்கே முன்னோடி ஃபிஜி என்று சொல்வார்கள். உண்மைதான். 2014-ல் வுனிதோகோலோவா என்ற கடலோரக் கிராமம் உள்ளே தள்ளிக் குடியேற்றப்பட்டது. 2023-ல் இதற்கென விரிவான நடைமுறை விதிகளையே அரசு வெளியிட்டது. ஆவணப்பட எடுக்கிறவர்கள், வெளிநாட்டு நிருபர்கள் எல்லோரும் வுனிதோகோலோவாவுக்குப் போகிறார்கள். கடல் தின்ற ஊர் அல்லவா, படம் நன்றாக வரும்.

துகுராகி என்ற ஊருக்கு அந்தக் கூட்டம் போவதில்லை. அது பா மாகாணத்தின் மலைக்குள் இருக்கும் கிராமம். கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2012 ஜனவரியில், நாந்தி வீதி மூழ்கிக்கிடந்த அதே மழையில், மலை சரிந்து ஊரின் பெரும்பகுதியை மூடியது. ஒரு வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என நான்கு பேரும் புதைந்தார்கள். மிஞ்சிய வீடுகளை டிசம்பரில் ஈவன் புயல் அடித்தது. 2016-ல் வின்ஸ்டன். புதிய இடத்தில் ஊர் எழுந்தபோது 2017 ஆகியிருந்தது. சில குடும்பங்களே இருந்த ஒரு சின்ன ஊருக்கு ஐந்து ஆண்டுகள்! அரசோடு சேர்ந்து ஐரோப்பிய யூனியனின் பணமும் வேண்டியிருந்தது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் நிலம். ஃபிஜியில் ஓர் ஊர் இடம் மாறுவதென்றால், தன் குல நிலத்திலேயே மேடான இடம் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் பக்கத்துக் குலத்திடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு முறை உண்டு. பெரியவர்கள் 'தபுவா' எனப்படும் திமிங்கலப் பல்லைக் கையில் ஏந்தி, தரையில் அமர்ந்து, முறைப்படி வேண்டுவார்கள். எதிரில் இருப்பவர் அந்தப் பல்லை ஏற்றுக்கொண்டால் வேண்டுகோளையும் ஏற்றதாக அர்த்தம். எத்தனை அழகான ஏற்பாடு! நிலம் சந்தைப் பொருளாகாத ஒரு சமூகத்தில் மட்டுமே இது சாத்தியம்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் நுழைய உங்களுக்கு ஒரு குலம் வேண்டும், ஓர் ஊர் வேண்டும், உங்களுக்காகப் பேச ஒரு தலைவர் வேண்டும். வுனிதோகோலோவாவும் துகுராகியும் அப்படிப்பட்ட கிராமங்கள். நாந்திக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் குடியிருப்பில் இருக்கும் முன்னாள் கரும்பு விவசாயிக்கு அந்த மூன்றும் இல்லை. அவருக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும், வெளித் தீவிலிருந்து வந்த இதௌகெய் குடும்பத்துக்கோ குலநிலம் இருக்கிறது. ஆனால் அது கடல் தாண்டி வேறொரு தீவில். அவர்கள் இருவருக்கும் இருக்கும் ஒரே பாதுகாப்பு, நில உரிமையாளரோடு வாய்மொழியாகச் செய்துகொண்ட ஏற்பாடு. மழை எச்சரிக்கை வந்தால் சாமான்களை மேலே தூக்கி வைப்பது, பிள்ளைகளை முன்னதாகவே உறவினர் வீட்டுக்கு அனுப்புவது, தண்ணீர் வடிந்ததும் திரும்பி வந்து கழுவுவது. கழுவும்போது பூட்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லி சுகாதாரத் துறை அறிவுரை சொல்கிறது. பூட்ஸ் வாங்கப் பணம் இருந்தால் போட்டுக்கொள்வார்கள்.

நாந்தி ஆற்றுக்கு ஒரு பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டமும் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. ஜப்பானிய நிபுணர்கள் அளந்து, வரைந்து கொடுத்தது. ஆற்றை அகலப்படுத்துவது, மேலே வெள்ளநீர் தங்கிப்போக இடம் ஒதுக்குவது, ஊரைச் சுற்றிக் கரை எழுப்புவது என்பது அதன் சாரம். தொழில்நுட்ப ரீதியாக நல்ல திட்டம் என்றே தோன்றுகிறது. வீதியின் கடைக்காரர்கள் ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள். ஆற்றை அகலப்படுத்த வேண்டுமானால் முதலில் கரையில் இருப்பவர்கள் எழுந்துபோக வேண்டும். நில உரிமையாளருக்கு இழப்பீடு சட்டப்படி உண்டு. குத்தகைப் பத்திரம் வைத்திருப்பவருக்கும் உண்டு. வாய்மொழி ஏற்பாட்டில் தகரக் கூரை போட்டுக்கொண்டவருக்கு எவ்வளவு, எங்கே மாற்று இடம் என்பது இனிமேல்தான் பேசப்பட வேண்டும். அதற்குள் நவம்பர் வரும். ஏப்ரல் வரை ஃபிஜியில் மழைக்காலம்.